கிணத்துக்கடவில் நின்ற கார்

சாவியைத் திருப்பியதும், இன்ஜின் முக்குவதற்கு முன்னால், பின்சீட்டுப் பக்கத்திலிருந்து இரண்டு விநாடி ஒரு முனகல் வர வேண்டுமாம். மூன்று வருஷமாக இந்த வண்டியை ஓட்டுகிறேன், அப்படி ஒரு சத்தத்தை ஒருநாளும் கவனித்ததில்லை. இன்றைக்கு அது இல்லை என்று குப்புராஜ் சொன்ன பிறகுதான் இத்தனை நாளும் இருந்திருக்கிறது என்று தெரிகிறது. "கேளுங் சிஸ்டர், காதை இப்படி வெச்சுக் கேளுங். சத்தமே வல்லீங்ல்ல? பெட்ரோல் பம்ப் போயிருச்சுங்." ரயில்வே கேட்டுக்கு முன்னால் நின்றுபோன வண்டியை அவர்தான் கயிறு கட்டி இந்தப் பட்டறைக்கு இழுத்து வந்தார். இப்போது மணி பத்தரை, இரண்டு மணிக்கு எனக்கு டூட்டி, வெள்ளைப் புடவை பையில் மடித்திருக்கிறது, பட்டறை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் நான், எதிரே ரோடு, ரோட்டில் கோயமுத்தூர் பஸ். பம்ப் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு என்ன வந்தது என்று சொன்னால் வெட்கக்கேடு. பெருமை வந்தது. உடுமலைப்பேட்டை அரசு ஆஸ்பத்திரி ஸ்டாஃப் நர்ஸ் கலாமணிக்குக் காரைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்று, அது இந்தப் பம்ப். "பின்சீட்டுக்கு அடியிலதானுங்க இருக்கும்? ஒருதடவ மாத்தியிருக்கு, பதினொரு வருஷம் முன்னாடி" என்றேன், டாக்டர் கேட்காமலே கேஸ் ஹிஸ்டரி சொல்லுகிற ஜோரில். குப்புராஜ் சிரித்தார். "சிஸ்டருக்கு எல்லாந் தெரிஞ்சிருக்குதுங்ளே" என்றார். தெரியாமல் என்ன. என் அப்பாவின் சாவு அந்தப் பம்ப்பில்தானே மாட்டிக்கொண்டு நின்றது.

என் அண்ணன் வெள்ளிங்கிரிதான் சொன்னார், ஒருதரம் இல்லை, பலதரம். அம்மிணி, பம்ப்புங்கறது பின்சீட்டுக்கு அடியில, பெட்ரோல் டேங்குக்குள்ளயே முங்கிக் கெடக்குமாம், எனக்கே அன்னைக்குத்தான் தெரியும், கிணத்துக்கடவு தாண்டி நடு ரோட்டுல நின்னுருச்சு, ஒருத்தன் வந்து சீட்டையே கழட்டிப் போட்டான், சாமான் கோயமுத்தூர்ல இருந்து வரணும்னுட்டான், நான் என்ன பண்றது சொல்லு. நான் அழுதேன். ஜெயசீலனைக் கட்டிக்கொண்டு நான் வீட்டைவிட்டு வந்து அப்போது ஒன்பது வருஷம். அவர் சர்ச்சுக்குப் போகிறவர், நாங்கள் கோயிலுக்குப் போகிறவர்கள், அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது. கலாமணி என்று ஒரு பிள்ளை எனக்கு இல்லை என்று சொந்தக்காரர்கள் நடுவில் சொல்லிவிட்டார். இந்தக் கார் வாங்கியதுகூட நான் போன பிறகுதான். அப்படிப்பட்டவர், ஒன்பது வருஷத்துக்கு அப்புறம், இன்றைக்கோ நாளைக்கோ என்று படுத்திருக்கும்போது, கலாமணியைப் போய்க் கூட்டிட்டு வாடா, நம்ம கார்லயே கூட்டிட்டு வா என்று அண்ணனிடம் சொன்னாராம். காலை எட்டு மணிக்கு அண்ணன் போன் பண்ணினார். பையை எடுத்து வெச்சுக்கிட்டு ரெடியா இரு அம்மிணி, நான் கிளம்பிட்டேன். கார் வழியில் நின்றது. மூன்று மணிக்கு அப்பா போய்விட்டார். கடைசி வரைக்கும் உம்பேரத்தான் சொல்லிட்டு இருந்தாரு, வண்டிதான் காலை வாரிவிட்டுருச்சு என்றார் அண்ணன். இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் பதினொரு வருஷம் சாப்பிட்டிருக்கிறேன், தூங்கியிருக்கிறேன், ஊரில் தலைநிமிர்ந்து நடந்திருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் அண்ணன் மகன் புது வண்டி எடுத்தபோது அண்ணன் இந்தச் சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். அப்பா உனக்கு அனுப்புன வண்டி, உங்கிட்டயே இருக்கட்டும் அம்மிணி என்றார். அன்றைக்கும் அழுதேன், ஜெயசீலன் டீ போட்டுக் கொடுத்தார்.

குப்புராஜ் ஒண்டியாகத்தான் வேலை பார்க்கிறார், அவசரமே கிடையாது. முதலில் ஃப்யூஸைப் பார்த்தார், அது நன்றாக இருந்தது. ரிலேயைப் பிடுங்கி வேறொன்றை மாட்டிப் பார்த்தார், சத்தமில்லை. வண்டிக்கு அடியில் படுத்து டேங்கை மரச்சுத்தியால் இரண்டு தட்டுத் தட்டினார், சில பம்ப் அதிர்ச்சியில் முழித்துக்கொள்ளுமாம், நாங்கள் வார்டில் மூச்சு நின்றவர் நெஞ்சில் குத்திப் பார்ப்பதில்லையா, அது முழிக்கவில்லை. பிறகு பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, "சீட்டைத் தூக்கிரலாங்" என்று பின்சீட்டை இரண்டு கையாலும் ஒரு உலுக்கு உலுக்கி எடுத்து வெளியே சுவரில் சாய்த்து வைத்தார். அப்பாவின் சீட்டு. இடது ஓரத்தில் பஞ்சு அமுங்கியே இருக்கும், அப்பா அங்கேதான் உட்காருவாராம், நான் பார்த்ததில்லை, அந்தக் குழியை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். சீட்டுக்கு அடியில் சில்லறை கிடக்கும், பின்னூசி கிடக்கும், ஏதாவது கிடக்கும் என்று எட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை, தூசி. அந்தத் தூசிக்கு நடுவில் ஒரு தகட்டு மூடி, நாலு திருகாணி. மூடியைத் திறந்ததும் பெட்ரோல் வாடை குப்பென்று வந்தது. எனக்குப் பெட்ரோல் வாடை பிடிக்கும், சின்ன வயசில் அப்பாவின் புல்லட் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன், அம்மிணிக்கு மூக்கைப் பாரு என்று சிரிப்பார், அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்த நேரத்தில்தான் குப்புராஜ் கையை நிறுத்தினார். குனிந்தபடியே துணியால் எதையோ துடைத்தார். மறுபடி துடைத்தார். "சிஸ்டர், இதைத் திறந்ததே இல்லீங்ளே" என்றார்.

இல்லை, மாற்றியிருக்கிறது, பதினொரு வருஷம் முன்னாடி என்றேன். அவர் வாதாடவில்லை, வாங்க வந்து பாருங் என்று கூப்பிட்டார். பம்ப்பை டேங்கின் வாயில் இறுக்கிப் பிடிக்கிற ஒரு கருப்பு வளையம், வளையத்திலிருந்து டேங்க்வரைக்கும் ஒரு மஞ்சள் பெயிண்ட் கோடு, விரல் நீளம். "கம்பெனியில முடுக்குனதும் போடற கோடுங் இது. ஒருதடவ திருகுனாப் போதும், கோடு ரெண்டாப் பிரிஞ்சிரும். அப்பறம் எந்த மெக்கானிக் வந்தாலும் நேரா நிறுத்த முடியாதுங். இது முடி அளவுகூட நகர்லீங்." கோடு நேராகத்தான் இருந்தது. நர்ஸ் கண், ஊசி ஏறுகிற நரம்பை இருட்டில் கண்டுபிடிக்கிற கண், அதில் ஒரு பிசிறு தேடிப் பார்த்தேன். திரும்ப யாராவது புதுசாகக் கோடு போட்டிருக்கலாம் இல்லைங்களா என்றேன். யாருங் போடுவா என்றார். நியாயம்தான், யார் போடுவார்கள். வளையத்தைத் திருகினார், பதினெட்டு வருஷத்துப் பிடிப்பு, தட்டித் தட்டித்தான் திரும்பியது, கோடு பிரிந்தது. பம்ப்பை வெளியே தூக்கினார், சொட்டச் சொட்ட, ஒரு தண்ணீர் டம்ளர் உயரம், பக்கத்தில் ஒரு கம்பியில் மிதவை. கழுத்தைத் திருப்பி, அச்சில் வார்த்த எழுத்தைக் காட்டினார், மாசமும் வருஷமும் இருந்தது. வண்டி வாங்கின வருஷம். அதற்கு இரண்டு மாசம் முன்னால். "வண்டி பொறந்தப்பப் போட்டதுங். பதினெட்டு வருசம் ஓடியிருக்குது பாருங், நல்ல சாமான். இதப் போய் மாத்துனதாச் சொன்னவன் உங்கள நல்லா ஏமாத்தியிருக்கறானுங் சிஸ்டர்." அவர் ஏதோ ஒரு மெக்கானிக்கைச் சொன்னார். யாருங்க அவன், எந்த ஊருப் பட்டறை என்று கேட்டார். கிணத்துக்கடவு என்றேன். வேறு என்ன சொல்வது.

நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தேன். பதறாதே கலாமணி, ஒவ்வொன்றாகப் பார். பம்ப் என்று அண்ணன் சும்மா சொல்லியிருக்கலாம், ஃப்யூஸாக இருந்திருக்கும், அவருக்குக் காரைப் பற்றி என்ன தெரியும். ஃப்யூஸுக்கு எதற்குச் சீட்டைக் கழற்ற வேண்டும்? சீட்டைக் கழற்றிப் போட்டான் என்று சொன்னாரே, கோயமுத்தூரிலிருந்து சாமான் வந்தது என்றாரே, புதுப் பம்ப் வந்த டப்பாவிலேயே பழையதைப் போட்டு அவரிடம் கொடுத்தான் என்று டப்பா நிறம்கூடச் சொன்னாரே, நீலம். அந்த மெக்கானிக்தான் மாற்றாமலே மாற்றியதாகச் சொல்லியிருப்பானா? அப்படியானால் வண்டி எப்படி ஓடியது, வண்டி ஓடித்தானே அண்ணன் வீடு திரும்பினார். பம்ப் தானாகவே முழித்துக்கொண்டிருக்கும், தட்டினால் முழிக்குமாமே. முழித்த பம்ப் அதற்கப்புறம் பதினொரு வருஷம் ஓடுமா? குப்புராஜைக் கேட்கலாம். கேட்கப் பயமாக இருக்கிறது. ஓடாதுங் என்று சொல்லிவிடுவார், அந்த மனுஷனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. நான் இப்படித்தான் வார்டில் சொந்தக்காரர்களைப் பார்க்கிறேன், மானிட்டரில் கோடு நேராகப் போன பிறகும், கை சூடா இருக்குதுங்களே சிஸ்டர், கொஞ்ச நேரம் பார்க்கலாமே என்பார்கள். நானும் கொஞ்ச நேரம் பார்க்கிறேன். கோடு நேராகத்தான் இருக்கிறது.

அன்றைக்கு வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். மடியில் பை, பையில் ஒரு மாற்றுப் புடவை, அப்பாவுக்கு ஆரஞ்சு நாலு. எட்டரைக்கு உட்கார்ந்தவள். வாசலிலிருந்து மெயின் ரோடு தெரியும், பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ், கோயமுத்தூர், கோயமுத்தூர், கோயமுத்தூர். இரண்டு மணி நேரம்தான், ஏறினால் பதினொரு மணிக்கு அப்பா பக்கத்தில் நின்றிருப்பேன். ஜெயசீலன் ஸ்கூலுக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பதினொரு மணிக்கு, கலா, பஸ்லயே போயிரலாம் வா, நானே கூட்டிட்டுப் போய் வாசல்ல விட்டுட்டு நான் வெளியவே நிக்கறேன் என்றார். நான் என்ன சொன்னேன்? அப்பா கார் அனுப்பறாரு என்றேன். உங்களுக்கு அது புரியாது என்றும் சொன்னேன். கார் அனுப்புவது என்றால் சும்மாவா, அந்தக் கார் எங்கள் தெருவுக்குள் நுழைந்து எங்கள் வாசலில் நின்று கதவு திறந்தால்தானே ஒன்பது வருஷம் அழியும். பஸ்ஸில் போய் இறங்கினால் நானாகப் போனதாக ஆகிவிடாதா. பன்னிரண்டு மணிக்கு அண்ணன் போன், இப்ப ஆயிரும் அம்மிணி, எங்கயும் போயிராத, நான் ஒரு பக்கம் வர நீ ஒரு பக்கம் போயிருவ. ஒன்றரைக்கு இன்னொரு போன், சாமான் வந்துருச்சு. அதற்குப் பிறகு போன் இல்லை. ஐந்து மணிக்கு வந்தது. அப்பா போயிட்டாரு, வண்டி இப்பத்தான் ரெடியாச்சு, நான் இங்கிருந்தே வீட்டுக்குத் திரும்பறேன், நீ இனிமே பஸ்லயே வந்துரு அம்மிணி என்றார். எங்கயும் போயிராத. இந்த வார்த்தையை இத்தனை வருஷம் அக்கறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைக் கட்டிப் போட்டிருக்கிறான். அந்தப் படியிலிருந்து எழுந்திருக்க முடியாதபடி, மணிக்கு ஒரு பொய்யாகப் போட்டுக் கட்டியிருக்கிறான். அண்ணனை அவன் இவன் என்று நான் சொன்னதே இல்லை, இப்போது வருகிறது, வரட்டும்.

ராத்திரி போய்ச் சேர்ந்தபோது யாரும் என்னைத் தடுக்கவில்லை, பிணத்துக்குக் கோபமில்லை. அண்ணன் வெள்ளை வேட்டியில் வந்து என் தலையைப் பிடித்துக்கொண்டான், நான் அந்தத் தோளில் சாய்ந்து அழுதேன், தோளில் விபூதி வாடை. பகல் முழுக்க ரோட்டோரத்தில் நின்றவன் மேல் ஒரு பொட்டு வியர்வை இல்லை, புழுதி இல்லை. சித்தி ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து ஒப்பாரிக்கு நடுவில் சொன்னாள், வெள்ளிங்கிரிதாம் புள்ள கடைசி வாய்க்குத் தண்ணி ஊத்துனான், மூணு முழுங்கு முழுங்குனாரு, அத்தோட கண்ணு நின்னுபோச்சு. கேட்டேன். என் இரண்டு காதாலும் கேட்டேன், ஆமாங் சித்தி என்று தலைகூட ஆட்டினேன். மூன்று மணிக்குச் சிங்காநல்லூர் வீட்டில் அப்பா வாயில் தண்ணீர் ஊற்றியவன் எப்படி அதே மூன்று மணிக்குக் கிணத்துக்கடவில் நிற்பான்? கிணத்துக்கடவில் நின்றவனுக்கு அப்பா கடைசி வரைக்கும் என் பேரைச் சொன்னது எப்படித் தெரியும்? இரண்டு பொய்யும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன, ஒன்று உண்மையென்றால் இன்னொன்று இருக்க முடியாது, சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடிக்கும், நான் இரண்டையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு பதினொரு வருஷம் தூங்கியிருக்கிறேன். ஒவ்வொரு தெவசத்துக்கும் போய், அண்ணன் வீட்டில் பந்தி பரிமாறி, வருகிறவர்களிடம் எல்லாம், அப்பா எனக்குக் கார் அனுப்புனாருங், வழியில நின்னுருச்சுங் என்று நானே சொல்லியிருக்கிறேன். எத்தனை பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு இலையைப் பார்த்தார்கள் என்று இப்போது ஒவ்வொரு முகமாக வருகிறது. எல்லோருக்கும் தெரியும். அண்ணி அந்த நேரம் எப்போதும் ரசம் எடுக்க உள்ளே போய்விடுவாள். ஜெயசீலனுக்கும் தெரியுமா? இந்த வண்டியின் பின்சீட்டில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை, முன்னாலதான் காத்து வருது என்பார்.

"பழைய சாமானுங் சிஸ்டர்." குப்புராஜ் கடையிலிருந்து வரவழைத்த புதுப் பம்ப்பை டப்பாவிலிருந்து எடுத்துவிட்டுப் பழையதை அதே டப்பாவில் போட்டு என் காலடியில் வைத்தார். அதுதான் இவர்கள் வழக்கம், மாற்றியதற்கு அத்தாட்சி, ஓனர் கண்ணால் பார்த்துவிட வேண்டும். வேண்டாம் என்றாலும் விட மாட்டார், அதுவும் எனக்கு. நான் அவருக்குக் கடவுள் மாதிரி. நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் அப்பா என் வார்டில்தான் இறந்தார், ஆண்கள் வார்டு, ஜன்னலோரக் கட்டில். குப்புராஜ் சாமான் எடுக்கத் திருப்பூர் போயிருந்தார், மூச்சு வாங்க ஓடிவந்தபோது முகத்தை மூடியாகிவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் என்ன செய்தேன், எப்போதும் செய்வதைத்தான் செய்தேன். டிரிப் பாட்டிலைக் கழற்றிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், உங்க பேரைத்தான் சொல்லிக்கிட்டே இருந்தார் என்றேன். அந்தப் பெரியவர் யார் பேரையும் சொல்லவில்லை. ஒரு பீடி கேட்டார், கொடுக்க முடியாது என்றோம், கெட்ட வார்த்தை சொன்னார், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், அவ்வளவுதான். இருபத்தைந்து வருஷ சர்வீஸில் இந்த வாக்கியத்தை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன், லேட்டாக வருகிற மகன், சண்டை போட்டுவிட்டுப் போன மகள், எல்லோருக்கும் ஒரே மருந்து. டிரெய்னிங்கில் பெரிய சிஸ்டர் சொல்லிக்கொடுத்தது, சொல்லும்போது கையில் ஒரு வேலை இருக்கட்டும்டீ, கண்ணைப் பார்க்காதே. பொய்யென்று தெரிந்தே தினமும் கையில் எடுக்கிற வாக்கியம், அதே வாக்கியத்தை என் அண்ணன் என்னிடம் சொன்னபோது எனக்கு ஏன் தெரியவில்லை? ஏனென்றால் அவன் அதை வெறும் கையோடு சொல்லவில்லை, ஒரு பம்ப்போடு சேர்த்துச் சொன்னான். பம்ப், சீட்டு, நீல டப்பா. அவ்வளவு சாமான் இருக்கிற இடத்தில் யாருக்குச் சந்தேகம் வரும். கெட்டிக்காரன். என் வார்டில் நர்ஸாக இருந்திருக்க வேண்டியவன்.

சரி, ஏன்? அதைத்தானே சுற்றிச் சுற்றி வருகிறேன், அதன் பக்கத்தில் போனதும் வேறு பக்கம் திரும்பிவிடுகிறேன். திரும்பாதே. ஒன்று, அப்பா கூப்பிட்டார், அண்ணன் வரவில்லை. சொந்தக்காரர்கள் வாசல் நிறைய உட்கார்ந்திருக்கும்போது என்னைக் காரில் கொண்டுவந்து இறக்க அவனுக்குத் துணிச்சல் இல்லை. அப்படியென்றால் அப்பா வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்திருப்பார், நான் வரவில்லை என்று நினைத்தே போயிருப்பார். இன்னொன்று, அப்பா கூப்பிடவே இல்லை. அண்ணன் தானாகத்தான் காலையில் போன் பண்ணியிருக்கிறான், பாவம், நல்ல மனசோடுதான், அப்புறம் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் அம்மிணியக் கூட்டிட்டு வரட்டுங்ளாப்பா என்று கேட்டிருக்கிறான், அப்பா வேண்டாம் என்றிருக்கிறார். வாயால் சொன்னாரோ, தலையை ஆட்டினாரோ, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாரோ. அதற்குள் நான் பையோடு படியில் உட்கார்ந்துவிட்டேன். என்ன செய்வான், பம்ப்பைக் கண்டுபிடித்தான். இரண்டில் எது? முதலாவது என்றால் அண்ணன் துரோகி, இரண்டாவது என்றால் அப்பா. சாகிற நேரத்தில்கூட, பேச்சு நிற்கப் போகிற நேரத்தில்கூட, என்னை வேண்டாம் என்று சொல்ல அவருக்குத் தெம்பு இருந்திருக்கிறது. எனக்கு முதலாவதுதான் வேண்டும். அண்ணன் துரோகியாகவே இருக்கட்டும், என் கழுத்தை அறுத்தவனாகவே இருக்கட்டும், அப்பா என்னைக் கூப்பிட்டிருக்கட்டும். பாருங்கள் என் பிச்சையை. நாற்பத்தொன்பது வயசில், தலையில் பாதி நரைத்த பிறகு, அப்பா என்னை ஒருதரம் கேட்டாரா என்று ஒரு பட்டறை வாசலில் உட்கார்ந்து பிச்சை எடுக்கிறேன். பதில் தெரிந்தவன் ஒரே ஒருத்தன், அவன் நம்பர் போனில் இருக்கிறது. கேட்டால் சொல்லிவிடுவானோ என்று பயம், சொல்ல மாட்டானோ என்றும் பயம். குப்புராஜ் புதுப் பம்ப்பை டேங்குக்குள் இறக்கிக்கொண்டிருந்தார், மிதவை தட்டாமல், சாய்த்துச் சாய்த்து, குழந்தையைத் தொட்டிலில் போடுகிற நிதானம். வளையத்தை முடுக்கினார். பையிலிருந்து ஒரு பெயிண்ட் பேனாவை எடுத்து, வளையத்திலிருந்து டேங்க்வரைக்கும் ஒரு வெள்ளைக் கோடு போட்டார்.

போன் அடித்தது. நான் எடுக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன், கை எடுத்துவிட்டது. "அம்மிணி, எங்க இருக்கற?" அதே குரல், சாப்பிட்டு முடித்த குரல். "ஞாயித்துக்கெழம அப்பா தெவசம், ஞாபகம் இருக்குதா? மாப்பிள்ளையையும் கூட்டிக்கிட்டு நேரமே வந்துரு." பட்டறையில் இருக்கிறேன், வண்டி நின்றுவிட்டது என்றேன். என்னாச்சு என்றான். "பெட்ரோல் பம்ப்புங்ண்ணா." கொஞ்சம்கூட யோசிக்கவில்லை அவன். "பம்ப்பா? அந்த வண்டிக்கா? சும்மா இரு அம்மிணி. பதினெட்டு வருசத்துல அதுல கையே வெச்சதில்ல, கம்பெனி சாமான் அது. எவனோ உனக்குக் காது குத்தறான், நல்லாப் பாரு" என்றான். மறந்துவிட்டான். எதை வைத்து நான் உயிரோடு இருந்தேனோ அதை அவன் ஞாபகத்தில்கூட வைத்துக்கொள்ளவில்லை. பொய்யைச் சொன்னவன் அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டாமா, நான் வைத்திருந்தேனே. குப்புராஜ் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார், சாவியைக் காட்டி, போட்டுப் பார்க்கட்டுங்ளா என்று சைகை செய்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டு போனில் சொன்னேன், "ஒருதடவ போச்சுங்ளேண்ணா. கிணத்துக்கடவுல."

அந்தப் பக்கம் ஃபேன் ஓடுகிற சத்தம், எங்கோ குக்கர் விசில், அவன் மட்டும் இல்லை. குப்புராஜ் சாவியைத் திருப்பினார். பின்சீட்டுப் பக்கத்திலிருந்து அது வந்தது, சின்னதாக ஒரு முனகல், இரண்டு விநாடி, நின்றது. இதைத்தான் மூன்று வருஷமாகக் கேட்காமல் இருந்தேனா. "ஆமா" என்றான் அண்ணன். "ஆமா அம்மிணி. கிணத்துக்கடவுல. மறந்தே போயிட்டேன் பாரு, வயசாகுதல்ல." நான் ஒன்றும் கேட்கவில்லை, அப்பா என்ற சொல்லை வாயில் எடுக்கவே இல்லை. அவனாகவே சொன்னான், அவசர அவசரமாக, கட்டில் விரிப்பை இழுத்து விடுகிற மாதிரி, "அன்னைக்குப் பூராவும் உம்பேரத்தான் சொல்லிட்டு இருந்தாரு அம்மிணி." போன் அவன் காதில் இருக்கிறது, கையில் என்ன வேலை வைத்திருக்கிறான் என்று தெரியவில்லை, ஏதாவது வைத்திருப்பான், துண்டை மடித்துக்கொண்டிருப்பான். ஆக இரண்டாவதுதான். அப்பா வேண்டாம் என்றிருக்கிறார். முதலாவதாக இருந்தால் அண்ணன் இப்போது அழுதிருப்பான், என்னை மன்னிச்சுரு அம்மிணி என்றிருப்பான். இது அழுகிறவன் குரல் இல்லை, மருந்து கொடுக்கிறவன் குரல், எனக்கு இந்தக் குரல் தெரியும், என்னுடைய குரல். இந்த இடத்தில் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அன்றைக்குக் குப்புராஜ் வார்டுத் தரையில் உட்கார்ந்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது அதுதான், எல்லோரும் சொல்வது. "அது போதுங்ண்ணா" என்றேன். அவன் மூச்சு விடுவது கேட்டது. சரி அம்மிணி, நேரமே வந்துரு என்று வைத்துவிட்டான்.

குப்புராஜ் சீட்டைத் தூக்கி மாட்டினார், அப்பாவின் குழி இடது ஓரத்தில் அப்படியே வந்து உட்கார்ந்தது. "இனிப் பிரச்சனை இல்லீங் சிஸ்டர், டேங்க்ல எப்பவும் கொஞ்சம் கூடவே பெட்ரோல் வெச்சிருங், பம்ப் சூடாகாது" என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். அன்றைக்குத் தரையில் உட்கார்ந்து, அது போதுங் சிஸ்டர் என்று சொன்னாரே, நம்பித்தான் சொன்னாரா, இல்லை தன் அப்பன் பீடியைத் தவிர எதையும் கேட்டிருக்க மாட்டார் என்று தெரிந்தே, எனக்காகச் சொன்னாரா? கேட்க முடியாது. யாரும் யாரையும் கேட்க முடியாது. நான் அண்ணனை மன்னிக்கவில்லை, அப்பாவையும்தான். ஞாயிற்றுக்கிழமை போவேன், பந்தி பரிமாறுவேன், யாராவது கேட்டால் இந்தத் தடவை நான்தான் ரசம் எடுக்க உள்ளே போக வேண்டும். டப்பாவைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பி, அந்த இரண்டு விநாடி கேட்டுவிட்டு, வண்டியை எடுத்தேன். பட்டறை வாசலில் ரோட்டில் ஏற முடியவில்லை, ஒரு கோயமுத்தூர் பஸ் வந்துகொண்டிருந்தது. ஜன்னலோர சீட்டெல்லாம் காலியாக இருந்தது. அது போகட்டும் என்று நின்றேன்.